கூட வந்த பிரவுசரே போதுமா, வேற போடணுமா? எட்ஜ், சஃபாரி, க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஒப்பீடு

போன ரெண்டு மாசத்துல மூணு பேரு, மூணு லேப்டாப், ஒரே கேள்வி. "மெஷின் கூட வந்த பிரவுசரையே வச்சுக்கலாமா, புதுசா ஒண்ணு போடலாமா?"

ஒருத்தர் இங்க சிங்கப்பூர் ஈசூன்ல இருக்குற என் மாமா. 68 வயசு, விண்டோஸ் 10 லேப்டாப், தமிழ்ச் செய்தி படிக்கணும், சிபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு) பாக்கணும், வங்கிக் கணக்குல பென்ஷன் ஏறிடுச்சான்னு பாக்கணும், அதுக்கு மேல வேலை இல்ல. ரெண்டாவது எங்க அண்ணி, வீட்டுல டியூஷன் எடுக்குறாங்க, 2013 மேக்புக் ஏர், கல்லு மாதிரி இன்னும் ஓடுது, ஆனா அன்னிக்கு ஏதோ ஒரு வங்கிப் பக்கம் "உங்க பிரவுசர் ரொம்பப் பழசு"ன்னு வாசல்லயே நிறுத்திடுச்சு. மூணாவது துவாஸ்ல லாஜிஸ்டிக்ஸ் ஆபீஸ்ல வேலை பாக்குற ஃபிரெண்டு. புது மெஷின், விண்டோஸ் 11, ஒரு குறையும் இல்ல. புது டேப் திறந்தா சினிமாச் செய்தி, கூப்பன், பங்குச்சந்தைன்னு ஒரே சந்தைக்கடையா இருக்குன்னு கடுப்பு, அவ்ளோதான்.

மூணு பேருக்கும் வேற வேற பதில்தான் சொன்னேன். ஏன் வேற வேறன்னு கேட்டா, எந்த பிரவுசர் ஒசத்தின்னு பாக்குறதுக்கு முன்னாடி அதுக்கு அடியில இருக்குற ஓஎஸ்க்கு (விண்டோஸ், மேக்ஓஎஸ் மாதிரி மெஷினை ஓட்டுற சாமான்) என்ன வயசுன்னு பாக்கணும், பாதி முடிவு அங்கயே ஆயிடும். நிறையப் பேரு இதைத் தலைகீழா பண்றாங்க.

## எதை வச்சு எடை போடறது

பாதுகாப்பு அப்டேட் வருதா. இதுதான் மொதல், மத்ததெல்லாம் அப்புறம். வெளியிலேருந்து யாரு என்னன்னே தெரியாத கோடை நம்ம மெஷினுக்குள்ள கொண்டு வந்து ஓட்டுற சாமான் பிரவுசர் ஒண்ணுதான், அதனால ஓட்டையும் அதுலதான் அதிகம் தேடுவாங்க. க்ரோம் 2023 ஆகஸ்ட்லேருந்து வாரா வாரம் பாதுகாப்பு அப்டேட் விடுது, மத்தவங்களும் அடிக்கடி விடுறாங்க. இதுல நாலு மாசம் அப்டேட் வரலன்னா, எந்த ஓட்டையை அடைச்சாங்கன்னு ஊரு பூராத் தெரிஞ்ச பிறகும் உங்க வீட்டுல மட்டும் அது திறந்து கிடக்குதுன்னு அர்த்தம்.

இங்கதான் ஓஎஸ் வயசு வந்து நிக்குது. பிரவுசர் பண்றவங்க பழைய ஓஎஸ்ஸை ஒரு கட்டத்துல கை விட்டுடுவாங்க. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில சப்போர்ட்டை நிறுத்துச்சு, க்ரோம் இன்னும் மூணு வருஷம் கூடவே வந்து 2023-ல 109-ஆவது வெர்ஷனோட கும்பிடு போட்டுடுச்சு. மேக்ல இன்னும் வேகம். மேக்ஓஎஸ் 10.13, 10.14-க்கு க்ரோம் 116 கடைசி, 10.15-க்கு 128, மேக்ஓஎஸ் 11-க்கு 138. அண்ணியோட 2013 ஏர் 11-க்கு மேல போகாது, அப்ப க்ரோம் போட்டாலும் 138-லயே நின்னுடும்.

நீங்க போற சைட் எல்லாம் திறக்குதா. சிங்பாஸ் (அரசாங்க லாகின்), சிபிஎஃப், ஐராஸ் (வருமான வரி), எச்டிபி (அரசு வீடு) எல்லாம் அப்டேட் ஆன எந்தப் பெரிய பிரவுசர்லயும் ஓடும், போன்ல கியூஆர் ஸ்கேன் பண்ணா உள்ள போயிடலாம். சிக்கல் ஆபீஸ் பக்கம்தான். பத்து பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எழுதுன கிடங்கு சிஸ்டம், பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல மட்டும் ஓடுற ஃபார்ம், இந்த மாதிரி.

விளம்பரம், பின்தொடர்றது. இது சில பேருக்கு உயிர் போற விஷயம், சில பேருக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா வயசானவங்க வீட்டுல இருந்தா யோசிங்க, "டவுன்லோட்"னு பெருசா பச்சைப் பட்டன் போட்டு வர்ற விளம்பரத்தை அவங்கதான் அமுக்குவாங்க.

மெமரி, பேட்டரி. 4 ஜிபி ரேம் மெஷின்னா எதைப் போட்டாலும் திணறும், பிரவுசர் மாத்திப் பெரிய அதிசயம் நடக்காது. டேபைக் குறைங்க.

தமிழ். இதை யாரும் கேக்குறதில்ல, நான் கேப்பேன். எழுத்து காட்டுறது பெரும்பாலும் பிரவுசர் வேலை இல்ல, ஓஎஸ்ல இருக்குற ஃபான்ட் வேலை. விண்டோஸ்ல நிர்மலா, மேக்ல நம்ம பக்கத்து ஊரு மலேசியாக்காரர் முத்து நெடுமாறன் பண்ணுன இணைமதி. கொம்பு, துணைக்கால் எல்லாம் இடம் மாறாம வரிசைப்படுத்துற ஹார்ஃப்பஸ்ங்கிற சாமானையும் க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டுமே பயன்படுத்துது. டைப் அடிக்கிற தமிழ் 99, அஞ்சல் கீபோர்டும் ஓஎஸ் சொத்து. அப்ப பிரவுசருக்கு பிரவுசர் எங்க வித்தியாசம்னா மொழிபெயர்ப்பும் வாய்விட்டுப் படிச்சுக் காட்டுறதும். அதுல ஒரு நல்ல சங்கதி இருக்கு, எட்ஜ் வரும்போது சொல்றேன்.

இடம் மாறுற செலவு. பாஸ்வேர்ட், புக்மார்க், போன்லயும் லேப்டாப்லயும் ஒண்ணா வர்றது. ப்ரீதானேன்னு இறக்கிடுறோம், அப்புறம் ஒரு சனிக்கிழமை முழுசா போயிடும்.

## ஒரு பார்வையில

| | அப்படியே எட்ஜ் (விண்டோஸ்) | அப்படியே சஃபாரி (மேக்) | க்ரோம் | ஃபயர்ஃபாக்ஸ் |
|---|---|---|---|---|
| அடியில ஓடுற எஞ்சின் (பக்கத்தை வரைஞ்சு காட்டுற பாகம்) | குரோமியம் | வெப்கிட் | குரோமியம் | கெக்கோ |
| விண்டோஸ் 10-ல | குறைஞ்சது 2028 அக்டோபர் வரை அப்டேட் | கிடையாது | இப்ப வருது | இப்ப வருது |
| மேக்ஓஎஸ் 11-ல | வேண்டாம் | 16-ஆவது வெர்ஷனோட நின்னுடுச்சு | 138-ஓட நின்னுடுச்சு | இன்னும் வருது |
| பழைய ஆபீஸ் சைட் | ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) மோட் இருக்கு | இல்ல | இல்ல | இல்ல |
| முழு விளம்பரத் தடுப்பு | பலம் குறைஞ்ச லைட் வகைதான் நம்பலாம் | சுமார் | லைட் வகை மட்டும் | முழுசா |
| தமிழ்ல படிச்சுக் காட்ட | ரொம்ப நல்லா | ஓஎஸ் குரல் | ஓஎஸ் பொறுத்து | ஓஎஸ் பொறுத்து |
| மாத்துற வேலை | இல்ல | இல்ல | நடுத்தரம் | நடுத்தரம் |

கட்டம் போட்டா எல்லாம் தெளிவா இருக்குற மாதிரித்தான் தெரியும். கட்டத்துக்குள்ள அடங்காததுதான் கீழ.

## அப்படியே விடறது: எட்ஜ்

எட்ஜ்னா சிரிக்கிறவங்க இன்னும் இருக்காங்க, பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பண்ணுன பாவம் பேரனைப் பிடிக்குது. ஆனா 2020 ஜனவரியில வந்த புது எட்ஜ் அடியில குரோமியம்தான், க்ரோம்லயும் அதே, பிரேவ்ங்கிற இன்னொரு பிரவுசர்லயும் அதே. மாவு ஒண்ணு, ஒருத்தர் தோசையா ஊத்துறாரு, ஒருத்தர் ஊத்தப்பமா ஊத்துறாரு. அதனால "எட்ஜ்ல இந்த சைட் சரியா வரல, க்ரோம் போடு"ன்னு சொல்றதுக்கு இப்ப பெரும்பாலும் காரணமே இல்ல.

எட்ஜ் ஜெயிக்கிற இடம் மூணு. ஒண்ணு, விண்டோஸ் 10. அதுக்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது, ஆனா எட்ஜுக்கு மட்டும் குறைஞ்சது 2028 அக்டோபர் வரைக்கும் அப்டேட் தர்றோம்னு தேதி போட்டே சொல்லிட்டாங்க. ரெண்டு, ஐஇ மோட். பழைய ஆபீஸ் சைட்டை அந்தக் காலத்து எஞ்சின்ல திறந்து காட்டும், 2029 வரையாவது இருக்கும்னு சொல்லிருக்காங்க. உங்க கம்பெனி சிஸ்டம் அந்த ரகம்னா வேற எதையும் யோசிக்காதீங்க.

மூணாவது நான் சொன்ன தமிழ் சங்கதி. எட்ஜ்ல ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து படிச்சுக் காட்டச் சொன்னீங்கன்னா, குரல் பட்டியல்ல தமிழ் மட்டும் நாலு நாட்டுக்குத் தனித்தனியா இருக்கும், இந்தியாவுக்கு பல்லவி, வள்ளுவர், இலங்கைக்கு குமார், சரண்யா, மலேசியாவுக்கு கனி, சூர்யா, நம்ம சிங்கப்பூருக்கு அன்பு, வெண்பா. எதைக் கேட்டாலும் பழைய ரோபோ குரல் மாதிரி இருக்காது, மூச்சு விட்டுப் படிக்கும். கண்ணு மங்குன பெரியவங்க வீட்டுல இருந்தா இது ஒண்ணுக்காகவே எட்ஜை வச்சுக்கலாம். இணையம் இருந்தாத்தான் அந்தக் குரல் வரும், அது மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

செலவு எங்கன்னா, உங்க கவனம். புது டேப்ல செய்தி, ஓரத்துல பட்டை, ஷாப்பிங் கூப்பன், கோபைலட்ங்கிற ஏஐ உதவியாளர். எல்லாத்தையும் அணைக்கலாம், ஆனா அணைக்கிற சுவிட்ச் எல்லாம் வேற வேற ரூம்ல இருக்கு. கால் மணி நேரம் உக்காந்து செட்டிங்ஸ்ல புது டேப் செய்தியை நிறுத்துங்க, ஷாப்பிங் உதவியை நிறுத்துங்க, கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் பின்னாடி ஓடுற ஸ்டார்ட்அப் பூஸ்டையும் நிறுத்துங்க, அப்புறம் பாருங்க, அடக்கமான பிள்ளையா இருக்கும். முக்காவாசிப் பேருக்கு பிரவுசர் மேல இருக்குற கோவம் உண்மையில இந்தப் புது டேப் மேல இருக்குற கோவம்தான்.

## அப்படியே விடறது: சஃபாரி

புது மேக்னா சஃபாரியை விடறதுக்கு நான் காரணம் தேடணும். பேட்டரி நல்லா நிக்கும், ஐபோன்ல சேமிச்ச பாஸ்வேர்ட் தானா வரும், வேற சைட்டோட குக்கீயை (நம்மைப் பின்தொடர பிரவுசர்ல வைக்கிற சின்னக் குறிப்பு) 2020 மார்ச்லேருந்து முழுசா தடுக்குது.

ஆனா ஒரு கண்ணி இருக்கு. சஃபாரி ஓஎஸ்ஸோட தாலி கட்டுனது. ஆப்பிள் பொதுவா இப்ப இருக்குற மேக்ஓஎஸ், அதுக்கு முந்துன ரெண்டு, இந்த மூணுக்குத்தான் புது சஃபாரி கொடுக்கும். உங்க மேக் அதுக்கும் கீழன்னா தனியா சஃபாரியை மட்டும் இறக்கிப் போட வழியே கிடையாது. மெஷின் பளபளன்னு இருக்கும், கீபோர்டு நல்லா இருக்கும், பிரவுசர் மட்டும் உள்ளேயே கெட்டுப் போயிட்டு இருக்கும், வெளியில தெரியாது. அண்ணிக்கு நடந்தது இதுதான். பழைய மேக்ல சஃபாரியைப் பிடிச்சுத் தொங்குறது பாசமே தவிர வேற ஒண்ணும் இல்ல.

ஐபோன்காரங்களுக்கு இடையில ஒரு வார்த்தை. 2020-ல ஐஓஎஸ் 14 வந்ததுலேருந்து போன்ல டீஃபால்ட் பிரவுசரை மாத்தலாம், சரி. ஆனா இங்க ஐபோன்ல க்ரோம் போட்டாலும் ஃபயர்ஃபாக்ஸ் போட்டாலும் அடியில வெப்கிட்தான் ஓடும், ஆப்பிள் சட்டம் அப்படி, ஐரோப்பாக்காரங்களுக்கு 2024-ல தளர்த்திக் கொடுத்தாங்க. அதனால போன்ல மாத்துறதுக்கு ஒரே நல்ல காரணம் லேப்டாப்ல இருக்குற புக்மார்க்கும் பாஸ்வேர்டும் கூட வரணும்ங்கிறதுதான், வேகம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

## க்ரோம்

எல்லாருக்கும் பழக்கம், எல்லா சைட்டும் க்ரோம்ல டெஸ்ட் பண்ணித்தான் வெளியில வருது, ஆண்ட்ராய்டு போன் வச்சிருந்தா பாஸ்வேர்ட் புக்மார்க் எல்லாம் கூடவே ஓடி வரும், கூகுள் மொழிபெயர்ப்பு உள்ளயே இருக்கு, தமிழும் உண்டு. ஜிமெயில், கூகுள் டாக்ஸ்ல வாழ்றவங்களுக்கு இது வீடு.

நெருடுற விஷயம் ரெண்டு. ஒண்ணு, எக்ஸ்டென்ஷன் (பிரவுசர்ல கூடுதலா மாட்டுற சாமான்) விதியை மாத்திட்டாங்க. மேனிஃபெஸ்ட் வி3-ன்னு புது முறை, அதுல யூபிளாக் ஆரிஜின்ங்கிற பழைய விளம்பரத் தடுப்பான் ஓடாது. 138-தான் பழைய முறையை ஏத்துக்கிட்ட கடைசி வெர்ஷன். யூபிளாக் ஆரிஜின் லைட்னு தம்பி ஒருத்தன் இருக்கான், நல்ல பையன்தான், முக்காவாசி விளம்பரத்தைப் பிடிச்சுடுவான், ஆனா அண்ணன் பண்ணுன வேலை எல்லாம் அவனால முடியாது. எட்ஜும் அதே மாவுங்கிறதால அதே பாதையிலதான் போகுது.

ரெண்டாவது, பின்தொடர்ற குக்கீ. எடுத்துடுவோம் எடுத்துடுவோம்னு கூகுள் 2020-லேருந்து சொல்லிக்கிட்டே இருந்து, தள்ளிப் போட்டு, 2024-ல பின்வாங்கி, 2025-ல அப்படியே விட்டுட்டோம்னு முடிச்சிட்டாங்க. விளம்பரம் விக்கிற கம்பெனி பண்ற பிரவுசர்ங்கிறதை மனசுல வச்சுக்கிட்டா இது ஆச்சரியம் இல்ல.

ஒரு உண்மையைச் சொல்லணும்னா, விண்டோஸ் 11-ல எட்ஜ்லேருந்து க்ரோமுக்கு மாறுறது, ஒரே எச்டிபி பிளாக்ல அஞ்சாவது மாடிலேருந்து ஆறாவது மாடிக்கு வீடு மாத்துற மாதிரி. சாமான் தூக்குற கூலி உண்டு, ஜன்னல்லேருந்து தெரியுற காட்சி ஒண்ணுதான். ஆண்ட்ராய்டு போனோட சேக்கணும்னா மட்டும் மாறுங்க.

## ஃபயர்ஃபாக்ஸ்

இவன் தனி எஞ்சின். இப்ப கணக்குப் பாத்தா பெரிய பிரவுசர்ல குரோமியமும் இல்லாம ஆப்பிளும் இல்லாம நிக்கிறது இவன் ஒருத்தன்தான்.

பழைய மெஷின்காரங்களுக்கு இவன்தான் கடைசி பஸ். மேக்ஓஎஸ் 10.15-லயே புது வெர்ஷன் ஓடுது, அதாவது க்ரோம் கை விட்ட ரெண்டு மேக்ஓஎஸ்ல இன்னும் அப்டேட் வருது. அதுக்கும் கீழ இருக்குற 10.12, 10.13, 10.14, விண்டோஸ் 7, 8 காரங்களுக்கு 115 ஈஎஸ்ஆர்னு (பாதுகாப்பு அப்டேட் மட்டும் நீண்ட நாள் வர்ற வெர்ஷன்) ஒரு தனி வண்டி விட்டிருக்காங்க, அதோட முடிவுத் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கிட்டு வர்றாங்க. அதை நம்பிக் குடித்தனம் பண்ண முடியாது, புது மெஷின் வாங்குற வரைக்கும் ஒதுங்கி நிக்க ஒரு பஸ் ஸ்டாப், அவ்ளோதான்.

யூபிளாக் ஆரிஜின் அண்ணன் இங்க முழு பலத்தோட இருக்காரு. ஆண்ட்ராய்டு போன் ஃபயர்ஃபாக்ஸ்லயும் போடலாம், இது போன்ல க்ரோம்ல முடியாத காரியம். ஒவ்வொரு சைட்டோட குக்கீயையும் தனித்தனி டப்பால பூட்டி வைக்கிறது 2022 ஜூன்லேருந்து எல்லாருக்கும் தானா வருது. இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது கன்டெய்னர். அம்மாவோட கணக்கு ஒரு டேப்ல, என் கணக்கு பக்கத்து டேப்ல, ஒண்ணை மூடி ஒண்ணைத் திறக்க வேண்டியதே இல்ல, கலர் வேற பாக்குறதுக்கு ஈஸியா இருக்கும். அப்பா அம்மா வேலையும் சேத்துப் பாக்குறவங்களுக்கு இது பெரிய உபகாரம்.

குறை இல்லாம இல்ல. சில சைட்காரங்க க்ரோம்ல மட்டும் பாத்துட்டு விட்டுடுறாங்க, ஏதோ ஒரு பட்டன் அமுங்காது, வீடியோ மீட்டிங்ல ஏதோ ஒரு வசதி இருக்காது. மாசத்துல ஒரு தடவை இன்னொரு பிரவுசரைத் திறக்க வேண்டி வரும், அதைத் தாங்குற மனசு வேணும். ஃபயர்ஃபாக்ஸ் பண்ற மொஸில்லாவோட வருமானத்துல பெரும்பங்கு கூகுளைத் தேடல்ல மொதல்ல வைக்கிற ஒப்பந்தத்துலேருந்துதான் வருது, அதனால கூகுள்லேருந்து முழு விடுதலைன்னு கொடி பிடிக்கவும் முடியாது.

## பிரேவ், விவால்டி

சுருக்கமா. ரெண்டும் குரோமியம். பிரேவ்ல விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனா இல்லாம உள்ளயே இருக்குறதால மேனிஃபெஸ்ட் சண்டை அதைப் பெருசா பாதிக்காது, ஆனா கிரிப்டோ வாலெட் அது இதுன்னு கூட வரும், மறைச்சு வச்சுடுங்க. விவால்டி நாப்பது டேப் திறந்து வச்சு வேலை பாக்குறவங்களுக்கு. பெரியவங்க மெஷின்ல ரெண்டையும் போட மாட்டேன், நாளைக்கு ஒரு சந்தேகம்னா பக்கத்து வீட்டுப் பையனுக்கும் தெரியாது.

## மாத்துறதுல கணக்குல வராத செலவு

மொதல்ல எங்கேருந்து இறக்குறீங்கங்கிறதே ஒரு ஆபத்து. தேடல்ல பிரவுசர் பேரு அடிச்சா மேல வர்ற விளம்பர லிங்க்ல போலிப் பக்கம் இருக்க வாய்ப்பு உண்டு. முகவரியை நீங்களே அடிச்சுப் போங்க. இங்க 2022 ஜனவரியில எம்ஏஎஸ் (சிங்கப்பூர் மத்திய வங்கி) வங்கிகளை எஸ்எம்எஸ், ஈமெயில்ல அமுக்குற லிங்க்கே வைக்காதீங்கன்னு சொன்னது ஞாபகம் இருக்கும், அதே புத்தி இதுக்கும். புது பிரவுசர்ல மொத வேலையா வங்கி, சிபிஎஃப் முகவரியைக் கையால அடிச்சு புக்மார்க் போட்டுடுங்க, அப்புறம் தேடல் பக்கமே போக வேணாம்.

பாஸ்வேர்ட். ஒரே மெஷின்ல பழைய பிரவுசர்லேருந்து நேரா இறக்குமதி பண்ண முடிஞ்சா அதைப் பண்ணுங்க. சிஎஸ்வி ஃபைலா வெளிய எடுத்தீங்கன்னா அது பூட்டு இல்லாத அலமாரி, உங்க அத்தனை பாஸ்வேர்டும் வெறும் எழுத்தா கிடக்கும். உள்ள ஏத்துன கையோட அழிங்க, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்க. டவுன்லோட் ஃபோல்டர்ல அந்த ஃபைலை மறந்து விட்டுட்டு லேப்டாப்பைத் தம்பிக்குக் கொடுத்தவன் ஒருத்தனை எனக்குத் தெரியும், கண்ணாடியில தினமும் பாக்குறேன். பாஸ்வேர்டுக்குப் பதிலா பாஸ்கீ போட்டு வச்சிருந்தா அது இந்த மாதிரி சுலபமா வராது, சில சைட்ல புதுசாப் போட வேண்டி இருக்கும்.

லாகின் எதுவும் கூட வராது. எல்லா சைட்டும் உங்களைப் புது ஆளாப் பாக்கும், "புது கருவியிலேருந்து நுழைஞ்சீங்களா"ன்னு மெயில் வரும், பயப்படாதீங்க. இப்ப வங்கிகள் எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டுட்டு போன் ஆப்ல இருக்குற டிஜிட்டல் டோக்கனுக்குப் போயிட்டதால போன் பக்கத்துலயே இருக்கணும், சார்ஜோட.

அப்புறம் விண்டோஸ்ல டீஃபால்ட்னு அமுக்குனா எல்லாம் மாறிடாது. 2021-ல விண்டோஸ் 11 வந்த புதுசுல ஒவ்வொரு ஃபைல் வகையா மாத்த வேண்டி இருந்துச்சு, 2022-ல ஒரே பட்டன் வச்சாங்க. ஆனாலும் பிடிஎஃப் எட்ஜ்லயே திறக்கும், அதைத் தனியா மாத்தணும். டாஸ்க்பார் தேடல்ல அமுக்குற இணைய முடிவும் விட்ஜெட் செய்தியும் எட்ஜுக்குத்தான் போகும். அவுட்லுக், டீம்ஸ் லிங்க்குக்கு அது அதுக்குள்ள தனி செட்டிங் இருக்கு. எட்ஜை அன்இன்ஸ்டால் பண்ற வழி ஐரோப்பாக்காரங்களுக்குச் சட்டம் வாங்கிக் கொடுத்தது, நமக்கு இல்ல, சும்மா ஓரமா கிடக்கட்டும். அடிச்சுப் பிடிச்சு அதை வெட்டி எறியுற ஸ்கிரிப்ட் எல்லாம் போடாதீங்க, வேற ஆப்புங்களும் அதோட பாகத்தைக் கடன் வாங்கித்தான் ஓடுது.

பள்ளிக்கூடத்துலேருந்து வந்த பிள்ளைங்க லேப்டாப்னா கையே வைக்காதீங்க. அதுல பள்ளி போட்ட மேனேஜ்மென்ட் இருக்கும், பள்ளிப் பாடத் தளம் எஸ்எல்எஸ் ஓடுனா போதும்.

## பிரவுசர் வேணாம், ஓஎஸ்ஸையே மாத்திடலாமா

செத்த ஓஎஸ் மேல உயிருள்ள பிரவுசர் போடறது வாசக்கதவை மட்டும் புதுசாப் போடுற மாதிரி, பின்பக்க ஜன்னல் அப்படியேதான் இருக்கு. இணையத்துலேருந்து வர்ற அடியில பெரும்பங்கை பிரவுசர் தாங்கும், அது நிசம், ஆனா யுஎஸ்பி, வைஃபை, அட்டாச்மென்ட் வழியா வர்றதை அது தடுக்காது.

விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கு எப்படியும் வேணும், செட்டிங்ஸை பேக்கப் பண்ணா காசு இல்ல, இல்லன்னா 30 அமெரிக்க டாலர். விண்டோஸ் 11-க்குப் போக இன்டெல்னா பெரும்பாலும் 8-ஆவது தலைமுறை சிப்பும் டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்புப் பாகமும் வேணும், மாமா மெஷின் 7-ஆவது, ஒரு நூல்ல வாய்ப்பு போயிடுச்சு. ஒரு கடையில "இதுக்கு இனி ஒண்ணும் பண்ண முடியாது, புதுசு வாங்கிடுங்க அங்கிள்"னு ஆயிரத்து இருநூறு வெள்ளிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துருக்காங்க.

லினக்ஸ் மின்ட் போடலாம், ஃபயர்ஃபாக்ஸ் கூடவே வரும், பத்து வருஷ மெஷினும் ஓடும். 2022-லேருந்து கூகுள் தர்ற க்ரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸும் ப்ரீ. பிரவுசரைத் தவிர வேற எதுவும் தொடாதவங்களுக்கு ரெண்டுமே நல்லா இருக்கும், ஆனா பிரிண்டர் வேலை செய்யலன்னா ராத்திரி பத்து மணிக்கு போன் உங்களுக்குத்தான் வரும். பழைய மேக்ல ஓபன்கோர் பேட்ச்சர்னு ஒண்ணு போட்டுப் புது மேக்ஓஎஸ் ஏத்துறாங்க, கை அரிக்கிறவங்க பண்ணுங்க, சம்பாதிக்கிற மெஷின்ல வேணாம்.

## அந்த மூணு பேரு

அண்ணிக்கு ஃபயர்ஃபாக்ஸ், யூபிளாக் ஆரிஜினோட. சஃபாரிலேருந்து புக்மார்க் வந்துடுச்சு, பாஸ்வேர்ட் ஒரு பதினாறு இருந்துச்சு, அதைக் கையாலயே அடிச்சோம், அடிக்கும்போதே எட்டு பாஸ்வேர்ட் ஒண்ணேதான்னு கண்டுபிடிச்சு மாத்துனோம். வங்கிப் பக்கம் திறந்துடுச்சு. ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம் ஓட்டிட்டு மெஷினை மாத்திடுங்கன்னு சொல்லிருக்கேன், பழசு ஈ-வேஸ்ட் பெட்டிக்கு.

துவாஸ் ஃபிரெண்டு ஆபீஸ் மெஷினைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன், அங்க ஒரு கிடங்கு சைட் ஐஇ மோட்லதான் ஓடுது. வீட்டு மெஷின்ல மொதல்ல எட்ஜ் புது டேப்பைச் சுத்தம் பண்ணிக் காட்டுனேன், ரெண்டு வாரம் கழிச்சும் கடுப்பா இருந்தா ஃபயர்ஃபாக்ஸ் போடுன்னு சொன்னேன். இன்னும் போடல.

மாமாவுக்கு எதுவும் மாத்தல. எட்ஜ் அப்படியே, நீட்டிப்பு அப்டேட் சேத்தாச்சு, கூப்பன் சமாசாரம் எல்லாம் அணைச்சாச்சு, யூபிளாக் ஆரிஜின் லைட் போட்டாச்சு, வங்கிக்கும் சிபிஎஃப்க்கும் ரெண்டு பெரிய புக்மார்க். இப்ப காலையில கோப்பியை வச்சுக்கிட்டு வெண்பா குரல்ல செய்தி கேக்குறாரு. கொஞ்சம் வேகமாப் படிக்குது, மெதுவா வையின்னாரு, வச்சாச்சு.